பார்வையாளருக்காக மறித்த தண்ணீர்

கடல்சார் கல்வி மாநாடுகளில் கடலைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். குளிரூட்டிய மண்டபம், திரையில் நீந்தும் ஆமை, கழுத்தில் தொங்கும் அட்டை, இடைவேளைக்குக் கட்லட். மட்டக்களப்பில் பத்து நாட்டுக்காரர் கூடிய மாநாட்டிலும் முதல் இரண்டு நாள் அப்படியே கழிந்தது. மூன்றாம் நாள் களப் பயணம். அதற்குப் பொறுப்பு மேனுகா. குருக்கள்மடத்துக்காரி, உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். பிள்ளைகளைக் கண்டல் காட்டுக்குள் கூட்டிப்போய்ச் சேறும் சகதியுமாக வீட்டுக்கு அனுப்புவதில் பேர்போனவள்.

அது மார்கழி மாதம். மழைக்கு வாவி நிறைந்து கிடந்தது. முகத்துவாரத்தில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே அலை கொண்டுவந்து போட்ட மணல் அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் போக வழியில்லாவிட்டால் அது திரும்பி வயலுக்குள்தான் ஏறும். அதனால் மாரி முற்றும்போது அந்த மணலை வெட்டி வாவியைத் திறந்துவிடுவார்கள். ஆற்றுவாய் வெட்டுவது என்று அதற்குப் பேர். விவசாயி உடனே வெட்டு என்பான். இறாலெல்லாம் கடலுக்குப் போய்விடும், கொஞ்சம் பொறு என்பான் மீனவன். இந்தமுறை இரண்டு தரப்பும் அதிசயமாக ஒத்துப்போய், வெள்ளிக்கிழமை பின்னேரம் வெட்டுவது என்று கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள்.

களப் பயணமோ சனிக்கிழமை. மேனுகாவுக்கு மனம் கேட்கவில்லை. ஒரு வாவி கடலோடு சேருகிற கணத்தை எந்த நாட்டுப் பாடப்புத்தகத்தில் காட்ட முடியும்? வேலைக்குப் பொறுப்பான பொறியியலாளர் மஜீட்டுக்கு, வெள்ளிக்கிழமை காலை, யாருக்கும் சொல்லாமல், தொலைபேசி எடுத்தாள்.

“சேர், விடிஞ்சு ஒன்பது மணிக்கு வெட்டினா வந்திருக்கிற எல்லாரும் பாப்பாங்க. ஒரு ராத்திரிதானே?”

மஜீட் கொஞ்சம் யோசித்தார். அவருடைய வேலையையும் பத்து நாட்டுக்காரர் வந்து பார்ப்பது அவருக்கும் கசக்கவில்லை.

“மழை பெய்யாட்டிப் பிரச்சின இல்ல மிஸ். சரி, பெக்கோவ விடியத்தான் இறக்கச் சொல்றன்.”

மழை பெய்தது. சும்மா பெய்யவில்லை, இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்தது.

மேனுகாவின் கணவன் ஜெயந்தனுக்கு வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் வயல். வட்டை என்று சொல்லும் அந்த வயல்வெளியில் பள்ளமான காணி அவனுடையதுதான். நெல் ஏற்கனவே இரண்டு நாளாகத் தண்ணீருக்குள் நின்றது. காலையில் மேனுகாவை முகத்துவாரத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனதும் அவன்தான். வெட்டுவதைக் கண்ணால் கண்டால்தான் அவனுக்கு நெஞ்சு ஆறும்.

“நேத்தே வெட்டியிருந்தா இந்நேரம் நுனியாவது வெளிய தெரியும்” என்றான் வழியில். “உன்ட வெளிநாட்டாக்களுக்குக் காட்டத்தான் மறிச்சதாம் எண்டு கதைக்கிறாங்க. ஆருகா அந்தப் பேயன்? உனக்குத் தெரியுமா?”

பின்னால் இருந்த மேனுகா, “எனக்கென்ன தெரியும்?” என்றாள். சொன்ன வாய் மூடும் முன்னரே தன்மேல் வெறுப்பு வந்தது. ஆனாலும் அவளுக்கு முன்னால் இருந்தது அவன் முதுகு மட்டும்தான். முதுகுக்குப் பொய் சொல்வது சுலபம்.

முகத்துவாரத்தில் மண்வெட்டியும் கையுமாக விவசாயிகள் நின்றார்கள். மண் தோண்டும் பெக்கோ மணலில் இறங்கிச் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. ஒன்பது மணி தாண்டியும் பேருந்தைக் காணவில்லை. மாநாட்டு ஒழுங்கமைப்பாளர் ஜிப்ரிக்கு மேனுகா அழைப்பு எடுத்தாள்.

“கல்லடிப் பாலத்தில நிக்கிறம் மிஸ். எல்லாரும் இறங்கிப் படம் எடுக்கிறாங்க. ஏத்த ஏலாம இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம்...”

அவள் வாவியைத் திரும்பிப் பார்த்தாள். கரையோரப் புல் இருந்த இடம் தெரியவில்லை. ஜெயந்தன் ஏறும் தண்ணீரை அளக்க ஒரு குச்சியை நட்டுவைத்துவிட்டு அதையே பார்த்தபடி குந்தியிருந்தான். இதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. நேராக மஜீட்டிடம் போனாள்.

“வெட்டுங்க சேர்.”

“அப்ப உங்கட ஆக்கள்?”

“அவங்க வரும்போது வரட்டும். நீங்க வெட்டுங்க.”

பெக்கோவின் கை இறங்கியது. முதலில் ஒரு வாய்க்கால் அளவுக்கு மஞ்சள் தண்ணீர் தயங்கித் தயங்கிக் கடல் பக்கம் எட்டிப்பார்த்தது. பிறகு அதற்கு வழி பிடிபட்டுவிட்டது. இரண்டு பக்கத்து மணலும் பொத்துப் பொத்தென்று விழ, வாய்க்கால் ஆறாக அகன்றது. விவசாயிகள் கூவினார்கள். ஜெயந்தன் அவளைப் பார்த்துச் சின்னப்பிள்ளைபோலக் கையை ஆட்டினான். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்குத்தான் தாங்கவில்லை.

பேராளர்கள் வந்து இறங்கியபோது வாவி இரைந்துகொண்டு கடலுக்குள் பாய்ந்தது. முதல் வெட்டைத் தவறவிட்டதில் ஒருவருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கைபேசிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். ஜிப்ரி அவர்களை நிறுத்திப் படம் எடுத்தான். உவர்நீர், நன்னீர், இறால் குஞ்சு என்று மேனுகா ஆங்கிலத்தில் விளக்கினாள். நன்றாகத்தான் விளக்கினாள்.

பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பேராசிரியை ஒருவர் மட்டும் தண்ணீரை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்தார். இடுப்பில் சேறு படிந்த சாரத்தோடு நின்ற ஜெயந்தனைக் காட்டினார்.

“இவருடைய வயலும் தண்ணீருக்குள் இருக்கிறதா? வயல் மூழ்கியிருக்கும்போது ஏன் நேற்றே வெட்டவில்லை என்று இவரிடம் கேட்டுச் சொல்வீர்களா?”

நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மேனுகா தமிழில் கேட்டாள். அவளைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் ஜெயந்தன் தொண்டையைக் கனைத்தான். பகிடி அவனுக்குக் கூடப்பிறந்தது.

“நேத்துப் பின்னேரம் வெட்டத்தான் இருந்த. இவங்க வந்து பாக்கட்டுமெண்டு ஆரோ மறிச்சுப்போட்டாங்க. ஆரெண்டு தெரியா. என்ட பொஞ்சாதி படிச்சவ, அவக்கிட்டயும் கேட்டன். அவக்கும் தெரியாதாம்.” சொல்லிவிட்டு அவளுக்கு மட்டும் தெரியக் கடைவாயால் சிரித்தான். மனைவியை வைத்தே மனைவியைப் பற்றிச் சொல்லவைக்கிற பகிடி அவனுக்குப் பிடித்திருந்தது.

அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மழை, இயந்திரம், காரியாலயம் என்று எதைச் சொன்னாலும் பேராசிரியை தலையாட்டியிருப்பார். எல்லாரும் பேருந்தில் ஏறிச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனாலும் மேனுகா மொழிபெயர்த்தாள். ஒரு சொல்லும் விடவில்லை.

“நேற்றுப் பின்னேரம் வெட்ட இருந்ததை, நீங்கள் வந்து பார்க்கட்டும் என்று யாரோ மறித்துவிட்டார்களாம். யார் என்று தனக்குத் தெரியாதாம். படித்த தன் மனைவியிடமும் கேட்டாராம், அவளுக்கும் தெரியாதாம்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “அவருடைய மனைவிக்குத் தெரியும். மறித்தவள் அவள்தான். அது நான்.”

கைபேசிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

“என்னகா, எல்லாரும் என்னயே பாக்கிறாங்க?” என்றான் ஜெயந்தன். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

“நான்தான் மறிக்கச் சொன்ன. மஜீட் சேருக்குப் போன் எடுத்தது நான். காலையில உங்களுக்குப் பொய் சொன்னன்.”

சிரிப்பு மெல்ல வடிந்தது. அவன் கோபித்துக் கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனோ குனிந்து சாரத்தை மடித்துக் கட்டினான். கடலுக்குப் பாயும் தண்ணீரைப் பார்த்தான்.

“இது நல்ல வடிவாத்தான் இருக்கு. காட்ட வேண்டியதுதான்” என்றான். “நாளைக்குத் தண்ணி வத்தினாப் பிறகு இவங்களை வட்டைக்கும் கூட்டிக்கொண்டு வா. செத்ததையும் பாக்கட்டும்.”

அவன் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தான். பேராசிரியை மேனுகாவின் கையைத் தொட்டு, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

மேனுகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்காமலே சொன்னாள்.

“நாளைக்கு உங்களை எங்கள் வயலுக்கு வரச்சொல்கிறார்.”