எட்டாம் நம்பர் பெட்டி

இத்தாலிக்காரன் கார் செய்வது ஓட்டுவதற்கு. அதை வாங்கி, பங்சாரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலில் மூன்று மோட்டார் சைக்கிள் நிற்கக்கூடிய இடத்தை அடைத்து நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பவர்களுக்கென்று கோலாலம்பூரில் ஒரு சங்கம் இருந்தது. இருபத்திரண்டு பேர். ரோட் டாக்ஸ் கட்டி, நம்பர் பிளேட் மாட்டி, சாலையில் ஓட அனுமதி உள்ள இத்தாலியக் கார் வைத்திருந்தால்தான் சேர முடியும். வருடத்துக்கு இரண்டு தடவை செப்பாங் ஓட்டப்பாதையை அரை நாள் வாடகைக்கு எடுத்துச் சுற்றுவார்கள். மீதி நாளெல்லாம் ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம், எத்தனை நொடி என்று ஒப்பிட்டுக்கொண்டு தோசை சாப்பிடுவார்கள்.

"உன்னோடது ரெண்டு நாப்பதா? டயர் புதுசு, அதான் லா."

"அன்னிக்கு எனக்கு வெயில். நீ காலையில போன."

ஒருவருக்கு ஒரு நொடி போனதற்குக் காற்று காரணம், இன்னொருவருக்கு முன்னால் போன கார் காரணம். மூன்று தடவை பின்தங்கிய ஒருவர், காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் சோற்றைக் காரணம் சொன்னார். ஓட்டத் தெரியவில்லை என்று மட்டும் இருபத்திரண்டு பேரில் ஒருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை.

இந்தக் கூட்டத்துக்கு நேரக்காப்பாளர் வாணி. முப்பத்தெட்டு வயது. தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து, ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் உள்ள சின்ன அறையில் வேலை பார்ப்பவள். மாரத்தான், சைக்கிள், கோ-கார்ட் என்று பத்து வருடமாக ஓடுகிறவர்களின் நேரத்தை எழுதி வந்தாள். அவள் கொடுத்த பட்டியலில் இதுவரை ஒரு தப்பு நிரூபிக்கப்பட்டதில்லை. அதை வைத்துத்தான் தேசிய அளவில் தலைமை நேரக்காப்பாளர் உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். அடுத்த வாரம் நேர்முகம். இந்தப் பணக்காரக் கூட்டத்தை அவள் சகித்துக்கொண்டதே அந்த உரிமத்துக்குச் செப்பாங் அனுபவம் தேவைப்பட்டதால்தான்.

வேலை எளிது. ஒவ்வொரு காருக்கும் ஒரு பெட்டி உண்டு. டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பெட்டியின்மேல் எண் இருக்கும். கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் அது சமிக்ஞை அனுப்ப, வாணியின் கணினி நேரத்தைக் குறித்துக்கொள்ளும். காலையில் உறுப்பினர் பெயர் எழுதிய பைகளில் பெட்டிகளைப் போட்டு மேசையில் அடுக்கி வைப்பாள். அவரவர் ஆட்கள் வந்து எடுத்துப் போய்க் காரின் முன்பக்கம் கட்டுவார்கள். முடிந்ததும் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் வாளியில் வீசிவிட்டுப் போவார்கள். அவள் வாளியைக் கவிழ்த்து, பெட்டிகளை எண்வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றையும் படம் எடுப்பாள். பிறகுதான் துடைத்துச் சார்ஜ் போடுவாள். விரிசல் இருந்தால் பிறகு யாரும் தகராறு பண்ணக் கூடாதல்லவா?

போன ஞாயிறு பட்டியலில் முதலிடம் ரிஷிக்கு: 2:31.4. ரிஷி பல் டாக்டர், முப்பது வயது, காரில் தூசு பட்டால் தன் சட்டையால் துடைப்பவன். அரசாங்கத்தின் டத்தோ பட்டம் வாங்கிய சங்கத் தலைவர் கமலநாதன் 2:47.9, பதினெட்டாவது இடம்.

குளிர்சாதன வியாபாரத்தில் மேலே வந்த டத்தோ எங்கே போனாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து பழகியவர். பட்டியலைப் பார்த்தவர் வாட்ஸாப் குழுவில் முதலில் சிரிப்புப் பொம்மை போட்டார். அரை மணி நேரத்தில், தன் கார் கடிகாரம் வேறு நேரம் காட்டியது என்று நான்கு நிமிடத்துக்குக் குரல் பதிவு போட்டார். வியாழக்கிழமை மத்தியானம் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வாணியின் அறைக்கே வந்துவிட்டார். பின்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு அவருடைய உதவியாளர் பாலன்.

"வாணி, இதுல ஒரு கையெழுத்து போடு மா."

சாதனக் கோளாறு காரணமாக ஞாயிறு பட்டியல் செல்லாது, நேரக்காப்பாளர் வருந்துகிறார் என்று கடிதம் தயாராக இருந்தது.

"சாதனத்துல கோளாறு இல்ல டத்தோ."

"என் கார்ல இருக்கிற கடிகாரம் ரெண்டு முப்பத்தொண்ணு காட்டுச்சு. என் கண்ணால பாத்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க டத்தோ."

டத்தோவின் முகம் சிவந்தது. "ஞாயித்துக்கிழமை காலையில கடையில பசியாறுற வரைக்கும் டைம் தரேன். போடலன்னா, உனக்கு லைசென்ஸ் கொடுக்கிற இடத்துக்கு நானே எழுதுவேன். அங்க எனக்கு யார் யாரைத் தெரியும்னு உனக்குத் தெரியாது."

அவர் இறங்கிப் போனதும் வாணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஐம்பத்தெட்டு வயது, நாலு கம்பெனி, ஒரு பட்டம். பதினாறு நொடிக்காக மாடி ஏறி வந்து பொய் சொல்கிறார். சின்னப்பிள்ளைகள்கூட கோலி விளையாட்டில் இதைவிட நேர்மையாகத் தோற்கும். எல்லாப் பெட்டியும் நல்ல நிலையில் இருந்ததைக் காட்டி அவர் வாயை அடைக்கலாம் என்று, எடுத்து வைத்த படங்களைத் திறந்தாள்.

ஐந்தாம் நம்பர் பெட்டியில் நின்றாள்.

பெட்டியின் நடுவில் சந்தனம். அதன்மேல் அழகாக வட்டமாய் ஒரு குங்குமப் பொட்டு. ஆமாம், ஞாயிறன்று அதைத் துடைக்கும்போது திட்டிக்கொண்டே துடைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஐந்து ரிஷியின் பெட்டி. ரிஷியாவது பொட்டு வைப்பதாவது! காருக்குப் பூஜை போட்ட அன்றைக்கே, சந்தனம் பெயின்ட்டை அரித்துவிடும் என்று ஐயரைத் தடுத்தவன் அவன். இருபத்திரண்டு காரில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பானெட்டிலிருந்து புகைக்குழாய் வரை பொட்டு வைத்துக்கொண்டு வந்த கார் ஒன்றுதான். டத்தோவின் மஞ்சள் கார். அவருக்கு அவள் கொடுத்தது எட்டாம் நம்பர் பெட்டி. எட்டாம் பெட்டியின் படத்தில் ஒரு பொட்டும் இல்லை.

அவள் பாலனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, பெட்டிய மாத்துனீங்களா?"

மறுபக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "தங்கச்சி, டத்தோகிட்ட சொல்லிடாத" என்றார் பாலன். "எட்டு அவருக்கு ஆகாது. சனியோட நம்பர். ஓட்டல் ரூம், கடை மேசை, பேங்க்ல எடுக்கிற டோக்கன், எதுலயும் எட்டு வரக் கூடாது. பதினஞ்சு வருஷமா நான்தான் பாத்து மாத்திடுவேன். பைய தொறந்தா எட்டு. பக்கத்துல டாக்டர் பை, அதுல அஞ்சு. அஞ்சு நல்ல நம்பர் லா. மாத்திப் போட்டேன், பொட்டு வச்சேன், கட்டிட்டேன்."

"என்கிட்ட கேட்டிருந்தா நானே மாத்திக் கொடுத்திருப்பேனே."

"எப்படிம்மா கேக்கிறது? டத்தோ எட்டுக்குப் பயப்படுறாருன்னு வெளிய தெரிஞ்சா? சங்கத்துல பாதிப் பேரு சீனவங்க. எட்டு ராசியான நம்பர்னு அதுக்கு அடிச்சுக்கிறவங்க. எட்டு வந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா அவரு அன்னிக்கு காரையே எடுத்திருக்க மாட்டாரு. அவருக்கே தெரியாது தங்கச்சி."

போனை வைத்துவிட்டு வாணி பட்டியலை மறுபடி எடுத்தாள். 2:31.4 டத்தோவுடையது. அந்த மனிதர் பொய்யே சொல்லவில்லை. இருபத்திரண்டு பேரில் உண்மையிலேயே ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இது அவளுக்கு அந்தக் கடிதத்தைவிட எரிச்சலாக இருந்தது. மனம் விட்டு வெறுக்க நல்ல ஆளாகப் பார்த்து வைத்திருந்தாள். அதிலும் மண் விழுந்தது.

கிள்ளான் போகும் வரை கொமுட்டரில் நின்றபடி யோசித்தாள். படத்தை அழித்துவிடலாம். இயந்திரம் சரியாக வேலை செய்ததற்குப் பதிவு இருக்கிறது. டத்தோ யாருக்கு எழுதினாலும் நிற்காது. ஆனால் பட்டியல் தப்பு. ரிஷியின் காரிலும் கடிகாரம் இருக்கிறது. அது 2:47 காட்டியிருக்கும். தெரிந்துகொண்டே முதல் பரிசுக் கோப்பையை வாங்கி, "எல்லாம் கடவுள் புண்ணியம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டான் அந்தப் பல் டாக்டர்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் பங்சார் கடையின் உள்ளறையில் டத்தோவுக்கு எதிரே உட்கார்ந்தாள். பாலன் சுவரோரம் நின்றார். வெளி மேசைகளில் சங்கம் கூடியிருந்தது. கடைசி வளைவில் பிரேக்கை எங்கே மிதித்தால் நொடி மிச்சமாகும் என்று ரிஷி விளக்கிக்கொண்டிருப்பது உள்ளே வரை கேட்டது.

"டத்தோ, நீங்க சொன்னது சரி. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். ரெண்டு முப்பத்தொண்ணு உங்களோடது."

படத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். டத்தோ பாலனை ஒரு முறை பார்த்தார். கோபம் வரவில்லை. முகம் மலர்ந்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வெளியே போய் இருபத்தொரு பேர் காதிலும் விழும்படி சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டார்.

"உக்காருங்க டத்தோ. இன்னும் இருக்கு."

பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள். ஒன்று செப்பாங்கில் எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட விதிமுறைத் தாள். "ஆறாவது விதி. விபத்து நடந்தா, பெட்டி நம்பரைப் பாத்துத்தான் எந்தக் கார்னு ஆம்புலன்ஸ அனுப்புவோம். அதனால நேரக்காப்பாளருக்குத் தெரியாம பெட்டிய மாத்தினா, ஓட்டுறவரோட ஆளு மாத்தினாலும் சரி, ஓட்டுறவரோட அன்னைய நேரம் முழுசும் ரத்து. இங்க உங்க கையெழுத்து."

இரண்டாவது ஆட்சேப மனு. அதில் அவளே எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தாள். "பட்டியல நானா திருத்த முடியாது. ஓட்டினவங்க ஏழு நாளுக்குள்ள கையெழுத்து போட்டு ஆட்சேபிக்கணும். இன்னிக்குப் பத்து மணியோட முடியுது. நீங்க போட்டீங்கன்னா, ரிஷி பதினேழாவது எடத்துக்குப் போயிடுவாரு. உங்க பேரு பட்டியல்லயே இருக்காது. தனியா, ரத்தானவங்க தாள்ல உங்க நேரத்தையும் காரணத்தையும் எழுதணும்."

"என்ன எழுதுவ?"

"எட்டாம் நம்பர் பெட்டி வேணாம்னு மாத்திக்கிட்டார்னு."

வெளியே பெரிய சிரிப்புச் சத்தம். அந்தச் சிரிப்பை டத்தோ கேட்ட விதத்திலேயே வாணிக்குப் புரிந்துவிட்டது, அவர் கையெழுத்துப் போட மாட்டார் என்று.

"போடுங்க டத்தோ" என்றாள். அவளுக்கே ஆச்சரியமாக, குரல் கெஞ்சியது. "முதல்ல வந்தது நீங்க. அது பதிவுல இருக்கட்டும். எனக்குப் பட்டியல் சரியா இருக்கணும்."

டத்தோ அவளைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை கொண்டுவந்த கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நான்காகக் கிழித்தார். ஆட்சேப மனுவை அவள் பக்கம் தள்ளினார்.

"என் பேரு பதினெட்டாவதே இருக்கட்டும்."

கொஞ்சம் கழித்து, கூட்டத்தில் காசு கேட்பவர் மாதிரி குரலைத் தாழ்த்தி, "அந்தச் சுற்றோட தாள் ஒண்ணு இருக்கா? யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றார்.

கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டத்தோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 2:31.4 என்ற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் மெல்ல மேலே போய் நின்றது.

"ரிஷின்னு போட்டிருக்கு."

"பெட்டி யாரு பேர்ல இருக்கோ அந்தப் பேருதான் வரும் டத்தோ."

அவர் தாளைச் சின்னதாக மடித்து, பணப்பையில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டார். வெளியே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டத்தோ, கார் கடிகாரத்த மாத்துங்க லா!" என்று ரிஷி கத்த, எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். டத்தோவும் சேர்ந்து சிரித்தார். உள்ளறை வாசலில் நின்ற வாணியை ரிஷி பார்த்தான். உடனே பார்வையை இட்லிக்குத் திருப்பிக்கொண்டான்.

பத்து மணி ஆனது. அவள் வாய் திறந்திருக்கலாம். விதி இடம் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். நேர்முகம் அடுத்த வாரம் என்பதும் உண்மைதான். எந்த உண்மை தன் வாயைக் கட்டியது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. முதலிடம் ரிஷி என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் பட்டியலை மூடினாள்.

கிள்ளான் ரயிலில், இந்தக் கூட்டத்தில் யார் கேவலத்திலும் கேவலம் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனாள். பல் டாக்டர் முதலிடம். எட்டுக்குப் பயந்தவர் இரண்டாவது. ஷா ஆலம் தாண்டும்போது அந்த வரிசையைத் திருத்த வேண்டியிருந்தது. தன் பெயரை அவள் மூன்றாவதாகப் போட்டிருந்தாள். அது அங்கே நிற்க மறுத்து மேலே ஏறியது.