தண்ணீர் முறைப் பட்டியல்

அச்சகக்காரர் மூன்று மணி வரைதான் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் வரைபடத்துக்குச் சரி சொல்லிவிட்டால் மாலைக்குள் புத்தகம் தயார். நாளைக் காலை ஊர்க்காரர்கள் கூடும்போது ஆளுக்கொன்று கையில் இருக்கும். ஊர்க்காரர்கள் என்று வாய் நிறையச் சொன்னாலும் ஊர் இப்போது இல்லை. நாற்பது வருடத்துக்கு முன்பே அது அணைத் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. மிஞ்சியது ஐந்து குடும்பங்களின் வாரிசுகளும் அவர்களுடைய பெருமையும்தான். பெருமையை மூழ்கடிக்கிற அணையை இன்னும் யாரும் கட்டவில்லை.

அந்த ஊரின் கதையை எழுதியவளை எல்லோரும் ஸ்கேல் அத்தை என்பார்கள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவள். அவள் நறுக்கினால் வெண்டைக்காய்கூட ஒரே அளவில்தான் விழும். அப்படிப்பட்டவள் இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் தான் வரைந்த வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதை மூன்றாம் தடவையாகச் சரிபார்த்தாள்.

ஆற்று மதகிலிருந்து ஒரு வாய்க்கால். அதன் ஓரமாக வரிசையாய் ஐந்து குடும்பங்களின் வயல்கள். மதகை ஒட்டிய முதல் வயல், தண்ணீர் தானாக வந்து விழுகிற வயல், ஊருக்குக் கடைசியாக வந்தவர்கள் என்று பேர் வாங்கிய கடைசி வீட்டுக்காரர்களுடையது. ஊரின் முதல் குடும்பம் என்று நாலு தலைமுறையாக மார்தட்டுகிற அவளுடைய குடும்பத்தின் வயலோ வாய்க்காலின் வாலில் கிடந்தது.

கடைசியாக வந்தவனுக்கு எந்த ஊரில் மதகடி வயல் கிடைக்கும்? முதலில் வந்து வாய்க்காலை வெட்டியவன் அந்த இடத்தை விட்டுவிட்டு வாலுக்கா போவான்?

எந்தக் குடும்பம் எப்போது வந்தது என்பதை அவள் தண்ணீர் முறைப் பட்டியலைப் பார்த்துத்தான் எழுதியிருந்தாள். வாய்க்கால் கொட்டகைச் சுவரில் இருந்த பட்டியல் அது. யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது, யார் அடுத்தது என்று வரிசையாக இருக்கும்; தலையில் அவளுடைய குடும்பம், அடியில் கடைசி வீடு. பள்ளிக்கூடம் போகும் முன்பே அவளுக்கு அது மனப்பாடம். முதலில் பாய்ச்சுகிறவர் முதலில் வந்தவர் என்று ஊரே நம்பியது. ஆனால் வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பரிமாறிவிட்டுத்தானே வீட்டுக்காரர் சாப்பிடுவார்? வாய்க்கால் வெட்டியவரும் அப்படித்தான் செய்திருக்கிறார். புதிதாக வந்தவனுக்கு முதல் முறை, தனக்குக் கடைசி முறை. காரணம் மறந்துபோனது, வரிசை மட்டும் நின்றுவிட்டது. விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான்.

இது வெறும் பெருமைச் சண்டை என்றால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பாள். ஊரைக் காலி செய்தபோது, வந்த வரிசைப்படி புதுக் குடியிருப்பில் மனையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று உத்தரவு. நில அளவை அலுவலகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணை, அதாவது அவளையே, கூப்பிட்டு அதிகாரி வரிசையைக் கேட்டார். அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் பட்டியலை மேலிருந்து கீழாக எழுதிக் கொடுத்தாள். அவளுடைய அப்பா மேட்டு மனையை எடுத்தார். கடைசி வீட்டுக்காரர்களுக்குக் கழிவுக் கால்வாய் ஓரத்துப் பள்ளம்தான் மிச்சம். மழை வந்தால் அங்கே தண்ணீர் வீட்டுக்குள் நிற்கும்.

இன்று காலையிலிருந்தே மழை.

மணி இரண்டு. ஒரு வார்த்தை, 'சரி' என்று சொல்லிவிட்டால் போதும். ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. தெரிந்தால், தன் அண்ணனே அப்புறம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.  கடைசியில் வரைபடத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் செருகிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

பள்ளத்து வீட்டில் தண்ணீர் கணுக்கால் வரை ஏறியிருந்தது. அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த கடைசி வீட்டுப் பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிசி டப்பாவைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இந்த மழையில? புத்தகத்துக்கு ஃபோட்டோதான் அன்னைக்கே குடுத்தனுப்பிட்டேனே."

ஸ்கேல் அத்தை நின்றபடியே கொட்டித் தீர்த்தாள். பட்டியல், மதகு, வயல், மனை எல்லாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று பயம். கேட்டவள் அரிசி டப்பாவைப் பரணுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

"சரி, அந்தப் பக்கம் புடி. கட்டில் நனையுது."

இருவரும் கட்டிலைத் தூக்கிச் செங்கல்மேல் வைத்தார்கள். ஸ்கேல் அத்தை அங்கேயே அச்சகத்துக்குப் போன் போட்டு, புத்தகம் நாளைக்கு வேண்டாம், முதல் அத்தியாயமே மாறுகிறது என்றாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மாத்தி எழுதிடறேன். பட்டியலைத் தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்கன்னு."

"புரிஞ்சிக்கிட்டாங்களா? யாரு?"

ஸ்கேல் அத்தை பிளாஸ்டிக் பையைக் கட்டில்மேல் வைத்தாள். "நான்தான்."

"எங்கப்பா உங்க ஆபீசுக்கு மூணு தடவ வந்தாரு. ஞாபகம் இருக்கா?"

முதலில் இல்லை. அப்புறம் வந்தது. கவுன்டர் ஜன்னலுக்கு வெளியே, அக்குளில் குடையை இடுக்கிக்கொண்டு ஒரு மனிதர். நல்ல மனை கேட்டுக் கெஞ்ச வந்திருக்கிறார் என்று நினைத்து, அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. 'பட்டியல்ல இருக்கறபடிதான் மாமா நடக்கும்' என்று மூன்று தடவையும் அதே பதில்.

"கீழேருந்து படிம்மான்னு சொல்லத்தான் வந்தாரு," என்றாள் மற்றவள். "நீ கேக்கவே இல்ல."

"ஏன் அவரு மேலதிகாரிகிட்ட போகல? ஊர்ல நாலு பேர்கிட்ட சொல்லல?"

"நானும் அதையேதான் கேட்டு அழுதேன். மூணாந்தடவ வீட்டுக்குத் திரும்பி வந்து செருப்பக் கழட்டிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? அந்தப் பொண்ணுக்கு வேலை ஜாஸ்தி, பாவம், மதியம் சாப்பிட்டாளோ என்னவோன்னாரு."

ஸ்கேல் அத்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மற்றவள் வாளியை எடுத்துத் தண்ணீரை வெளியே இறைக்க ஆரம்பித்தாள்.