ஸோர்ன் என்ற பெயருக்கு ஒரு வரி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. இங்கே ஆஸ்திரேலியாவில், ஜெர்மானியர் குடியேறிய தனுண்டாவில், எங்கள் தேவாலயக் கூடத்தில், ஊர்க் குடும்பப் பெயர்களுக்கெல்லாம் அர்த்தம் எழுதிப் பலகை வைத்தார்கள். அதில் ஒரு வரி: "ஸோர்ன்: ஜெர்மன் மொழியில் கோபம். முன்கோபிகள். போர்க்காலத்தில் சிறை போன ஆல்வின் ஸோர்ன் இந்தக் குடும்பமே."

நான் எழுதிய முதல் தொடக்கம்: பெயருக்கேற்ற கோபக்காரியான எல்ஃப்ரீடா ஸோர்ன் அன்று காலை…

[சீ, வேண்டாம். பலகை எழுதியவனும் இதைத்தானே செய்தான்?]

2

ஆல்வின், எல்ஃப்ரீடாவின் தாத்தா. தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், யாரையும் அதட்டாதவர். முதல் உலகப் போரின்போது ஜெர்மன் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். அதற்குத்தான் முகாமில் அடைத்தார்கள்.

நாளை திருவிழா. ஊரே அந்த வரியைப் படிக்கும். பலகை எழுதிய கிளெம் ஷேஃபரிடம் எல்ஃப்ரீடா போனாள்.

"அதை அழிச்சிடு, கிளெம்."

"பாத்தியா, கோவம் வருது! அகராதி பொய் சொல்லுமா?"

"ஷேஃபர்ங்கிற உன் குடும்பப் பேருக்கு ஆட்டிடையன்னு அர்த்தம். ஆயுசு பூரா பேங்க்ல உக்காந்திருந்தே. ஒரு ஆட்டையாவது தொட்டிருக்கியா?"

"அட, தமாஷுக்கு எழுதினது."

"ஜெயிலுக்குப் போனது தமாஷா?"

கத்தினால் பலகை சொன்னது உண்மையாகிவிடும். கத்தாவிட்டால் அப்படியே நிற்கும். என்ன அநியாயம் இது!

3

(இங்கே அவளைச் சிரிக்கவைத்துச் சமாதானமாக்க நினைத்தேன். அவள் எதற்குச் சிரிக்க வேண்டும்?)

எங்கள் கல்லறைகளில் பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயரையும் செதுக்குவது வழக்கம். கிளெமின் கையைப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனாள். ஒரு கல்லில் படிந்த பாசியைத் தேய்த்தாள். மார்த்தா ஷேஃபர், பிறந்த வீடு ஸோர்ன்.

"எங்க… அப்பத்தாவா?"

"ஆல்வினோட அக்கா. சொல்லு, முன்கோபியா இவங்க?"

"அவங்க குரல் ஒசந்தே நான் கேட்டதில்ல," என்றான் கிளெம்.

கூடத்துக்குத் திரும்பியதும் பெயின்ட் டப்பாவையும் தூரிகையையும் அவனிடம் நீட்டினாள்.

"உன் கையால எழுதினே. உன் கையாலயே அழி."

4

அழித்தான் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். "பெயருக்கேற்ற கோபக்காரி" என்று நான் எழுதியபோது நீங்களும்தானே சிரித்தீர்கள்?

இந்தாருங்கள் தூரிகை. காலையில் கூடத்தைத் திறந்துவிடுவார்கள்.