சத்தம் போட்ட இறகு

நீளக் கூண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, எய்த அம்பு மாதிரி நேராகப் பறந்து கட்டையில் போய் உட்கார்ந்தது கூகை. கடிகாரம் பழுதுபார்க்கும் கணவன் துள்ளிக் குதித்தான்.

"பாத்தியா! நம்ம கை பட்டா ஓடாததும் ஓடும்!"

அடிபட்ட பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அவன் மனைவிக்கோ முகம் விழுந்துவிட்டது.

"சர்ருனு ஒரு சத்தம் கேட்டுச்சுங்க."

"அதனால என்ன?"

"கூகை பறக்குறது காத்துக்கே தெரியக் கூடாது. இந்தச் சத்தத்தோட போனா எலியெல்லாம் முன்னாடியே மூட்டை கட்டிடும்."

ஆறு நாளுக்கு முன் முள்கம்பியில் சிக்கி, வலது சிறகில் நான்கு இறகுகள் ஒடிந்து வந்த தாய்க்கூகை அது. புது இறகு முளைக்க ஒரு வருஷமாவது ஆகும். பழைய கிடங்கின் பரணில் கிடக்கும் மூன்று குஞ்சுகளோ தாயில்லாமல் இன்னும் ஒரு வாரம் கூடத் தாங்காது. அதனால்தான் வேறு கூகைகள் உதிர்த்த இறகுகளை எடுத்து, ஒடிந்த தண்டுக்குள் மெல்லிய மூங்கில் சிராய் செருகி ஒட்டியிருந்தார்கள். மயிரிழை பிசகக் கூடாத வேலை என்பதால், கணவனைக் கடையிலிருந்து கையோடு இழுத்து வந்திருந்தாள் அவள்.

போன் அடித்தது. கிடங்கில் காவலுக்கு இருந்த மாமியார்.

"ஏம்மா, தகப்பன்காரன் நேத்து ராத்திரி பூரா அலைஞ்சு நாலே எலி கொண்டாந்தான். அதையும் பெரிசு ரெண்டும் பிடுங்கிக்கிச்சு. சின்னது இன்னிக்குக் கத்தக்கூட மாட்டேங்குது. எப்பத்தான் கூட்டிட்டு வரப்போறீங்க?"

"இருட்டுறதுக்குள்ள வந்துடுறோம் அத்தை."

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கணவன் கையுறையோடு கூகையைப் பிடித்துக்கொள்ள, அவள் சிறகை விரித்து விரலால் தடவினாள். மூன்று இறகுகளின் மேல்பக்கம் வெல்வெட் மாதிரி இருந்தது. ஓரத்து இறகு மட்டும் வழுக்கியது. வெல்வெட் அடியில் இருந்தது.

"ஐயோ, இதைக் கவுத்து ஒட்டியிருக்கீங்க!"

"கடிகாரத்தைக் கவுத்துப் போட்டுத்தானே வேலை பாப்போம்? அளவு கச்சிதமா இருந்துச்சே!"

"இடது சிறகு இறகைப் புரட்டிப் போட்டா வலது மாதிரிதான் இருக்கும், மேதாவி!"

"நீயும்தானே பக்கத்துல நின்ன?"

"நான் உங்க கையைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"கையையா?" அவன் காது சிவந்தது.

"வழியாம அந்த இறகுப் பெட்டியை எடுங்க!"

பெட்டி மேஜையில் கவிழ்ந்தது. இடது, இடது, வாலிறகு, மறுபடியும் இடது. அடியில் ஒட்டிக்கிடந்தது ஒரே ஒரு வலது ஓரத்து இறகு. நெல்மணி அளவு குட்டை, பரவாயில்லை. பழையதை உருவி, புதியதைச் செருகினான் அவன். பசை காயும்வரை அவள் சிறகை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க" என்று அவள் கூகையை விட்டாள்.

அவன் கண்களை இறுக்கிக்கொண்டு நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"விடேன், எவ்வளவு நேரம்?"

"கண்ணைத் தொறங்க."

கூகை எதிர்க்கோடிக் கட்டையில் உட்கார்ந்திருந்தது!

பொழுது சாயும் நேரம். கிடங்கு வாசலில் கூகையைக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்ததும் தாய்க்கூகை பரணை ஏறிட்டும் பார்க்காமல் எதிரே புல்வெளிப் பக்கம் பறந்து மறைந்தது.

"அடிப்பாவி, பெத்த பிள்ளைங்களை விட்டுட்டு ஓடிட்டாளே!" என்று மாமியார் தலையில் கை வைத்தாள்.

மருமகள் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம். இரண்டு. ஐந்து. கணவன் அவள் விரல்களைப் பற்றிக்கொண்டான். வானத்தில் ஒன்றுமே இல்லை.

திடீரென்று பரணில் காது கிழியும் கூச்சல்! எந்த வழியாக வந்தது, எப்போது வந்தது, மூவருக்கும் தெரியவில்லை. தாய்க்கூகை அலகில் எலியோடு நின்றது.

மாமியார் ஏணியில் இரண்டு படி ஏறிவிட்டாள்.

"சின்னதுக்குக் குடு! சின்னதுக்குடி! பெரிசு வருது பாரு, தள்ளி விடு... ஆங், அப்படி! முழுங்கிடுச்சு! வாலு மட்டும் வெளியே தெரியுது!"