சகலையின் உயரம்

வெளிநாட்டில் நான்கு வருடம் வேலை பார்த்த வெல்டர் ஒரு சாண் உயரத்தில் வீடு திரும்பினார். அந்த வருடங்களில் இது பல வீடுகளில் நடந்ததுதான். எந்த நாட்டுச் சம்பளம் வாங்குகிறாரோ, அந்த நாட்டு நோட்டின் விலைக்குத் தக்கபடி ஆளின் உயரம் ஏறும், இறங்கும். வெல்டர் போன நாட்டில் நம் நோட்டு ஒன்றுக்கு அவர்கள் நோட்டு நூற்று எண்பது கொடுப்பார்கள். ஆகவே ஒரு சாண்.

அவருடைய சகலை தையற்காரருக்கு அன்று சோறு கூடுதலாக இறங்கியது. அக்காவைக் கட்டிய தையற்காரர் மாமனார் வீட்டில் கீழே. தங்கையைக் கட்டிய வெல்டர் மாடியில். கல்யாணப் போட்டோவில் வெல்டரின் தோளுயரத்துக்கு நின்றதிலிருந்தே தையற்காரருக்கு வயிற்றெரிச்சல். இப்போது அளவெடுக்கக் கூப்பிட்டு, டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு விரலால் அளந்தார்.

"வெட்டிப் போட்ட துணியிலயே ரெண்டு சட்டை தச்சிடலாம் சகலை."

"அப்ப கூலியும் மிச்சம்தானே அண்ணே" என்றார் வெல்டர்.

சாயங்காலம் லாரியில் ஃபிரிட்ஜ் வந்தது. வெல்டர் அதைத் தலையில் வைத்து, படிக்குப் படி தாவி மாடிக்கு ஏற்றினார். நோட்டின் விலை உயரத்துக்கு மட்டும்தான். தெம்பு அந்த நாட்டுப் பட்டறைகள் ஓடுகிற ஓட்டத்தைப் பொறுத்தது. மறு மாதம் அவர் மாடியை மாமனாரிடம் விலைக்கே வாங்கிவிட்டார். தையற்காரரின் மனைவி அழுக்குத் துணியைத் தங்கையின் வாஷிங் மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். போனால் சீக்கிரம் இறங்கமாட்டாள். அதுதான் தையற்காரருக்குத் தாங்கவில்லை.

நோட்டு மாற்றும் கடைக்குப் போய், எந்த நாட்டு நோட்டுக்கு விலை அதிகம் என்று கேட்டார். கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். "ரொட்டிய நாலா வெட்டினாலும் நானூறா வெட்டினாலும் ரொட்டி அதேதான். அங்க ஒரு மாசச் சம்பளத்துல எத்தனை நாள் சாப்பிடலாம்னு பாருங்க." காசு மாற்றுகிறவன் பேச்சை யார் நம்புவது? தையற்காரர் கிளம்பிவிட்டார்.

அவர் போன நாட்டு நோட்டு ஒன்றுக்கு நம்முடையது இருநூற்று ஐம்பது. சம்பளம் நான்கு நோட்டு, அறை வாடகை மூன்று. அந்த ஊரில் பாதிக் கடை பூட்டிக் கிடந்தது. மூன்று வருடம் கழித்து வந்தபோது தெருவிளக்கின் தலையைத் தடவிக் கொடுக்கிற உயரம். ஒரு குடம் தண்ணீர் தூக்கத் தெம்பில்லை. காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

வீட்டு வாசலில் குனிந்தவர் பாதியில் சிக்கிக்கொண்டார். வெல்டர்தான் இறங்கி வந்து, கணுக்காலைப் பிடித்துத் தூக்கி, கூடத்தில் குறுக்காகப் படுக்க வைத்தார். "பாத்து அண்ணே, ஃபேன் இருக்கு."

தையற்காரரின் மனைவி அவரைத் தலையிலிருந்து கால்வரை நடந்து பார்த்துவிட்டுத் தங்கையிடம் சொன்னாள்: "அடுத்த தடவை உன் வீட்டுக்காரர் போறப்ப இவரையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுடி. கொஞ்சம் குறைஞ்சு வரட்டும்."

மறு வாரம் நம் பணம் இன்னும் சரிந்தது. தையற்காரர் ஒரே ராத்திரியில் ஒரு முழம் வளர்ந்து, கால் இரண்டும் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டன. வெல்டரும் ஒரு நகத்தளவு வளர்ந்திருந்தார். தையற்காரர் கண்ணில் பட்டது அதுதான்.