தண்ணீரில் ஏறிய இரும்பு

மூன்றாவது தடவையும் சோதித்துப் பார்த்தாள் ஆய்வகக்காரி. தண்ணீரில் இரும்பு நேற்றைவிட இரட்டிப்பு. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கச்சா எண்ணெய் காய்ச்சும் கோபுரத்தின் உச்சியிலிருந்து வரும் ஆவி, குளிர்ந்து நீராகும்போது அமிலமாகிக் குழாயை அரிக்கும். அதைத் தடுக்க ஒரு மருந்தை விடாமல் ஏற்றுவார்கள். உள்சுவர் முழுக்க அது படலமாக ஒட்டிக்கொண்டால் நீரில் இரும்பு இறங்கவேண்டும். இங்கே நாலு நாளாக ஏறுகிறது. அப்படியானால் மருந்து போகவில்லை என்றுதானே அர்த்தம்?

அந்த மருந்து பம்ப்பைப் பார்த்துக்கொள்பவர் அவளுடைய அக்கா புருஷன். அதுதான் சங்கடம்.

நேரே பம்ப்புக்கே போனாள். "அத்தான், மருந்து நிஜமாவே போகுதா?"

"இதென்ன கேள்வி? தொட்டியைப் பாரு. நேத்து இந்தக் கோட்டுல இருந்துச்சு, இன்னைக்கு இங்க."

குறைந்துதான் இருந்தது. தரையும் காய்ந்து கிடந்தது, ஒழுகவில்லை.

"அப்போ... யாராவது வடிகால்ல திறந்து விட்டுட்டு..." வாய் தவறி வந்துவிட்டது.

அத்தானின் முகம் சுண்டிப்போயிற்று. "யாராவதுன்னா? இங்க இருக்கிறது நான் ஒருத்தன்தானே?"

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "வந்ததுலேருந்து உம்முனு உக்காந்திருக்காரு. என்னடி சொன்ன?"

அத்தான் பொய் சொல்பவரில்லை. சோதனையும் பொய் சொல்லவில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும்?

மறுநாள், பொறியாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மருந்தைப் பெரிய குழாய்க்குள் விடும் சின்னக் குழலை உருவிப் பார்க்கச் சொன்னாள். ஆலை ஓடும்போதே உருவக்கூடியதுதான். ஃபிட்டர் இழுத்தார். ஒரு சாண் நீளம் வரவேண்டியது, விரல் நீளம்தான் வந்தது. மீதியை அமிலம் தின்றிருந்தது.

"குழல் நடுவுக்கு எட்டாததால மருந்து ஆவியில தெளிச்சுப் பரவல. ஒரே ஓரமா வழிஞ்சு போயிருக்கு" என்றார் ஃபிட்டர். "மத்த பக்கமெல்லாம் வெறும் இரும்பு."

அத்தான் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

புதுக் குழல் போட்ட மூன்றாம் நாள் இரும்பு பாதிக்கும் கீழே இறங்கியது. அறிக்கையை அவளே அத்தானிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "தப்பா பேசிட்டேன், அத்தான்."

அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா."

அக்கா சொல்லியனுப்பியதா, அவராகவே கூப்பிட்டதா? தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள்.