பிரேக் பிடிக்காத விரிப்பு

லாரி டிரைவருக்கு முதுகெலும்பு ஆபரேஷன் திங்கட்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. டாக்டர் போகிற போக்கில் ஒரு கொக்கியும் போட்டார்: "படுக்கைப்புண் வந்துட்டா கத்தி வைக்க மாட்டேன்."

விபத்துக்குப் பிறகு மனிதருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே கிடையாது. புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் புரட்டிப் படுக்கவைத்தபோது வால் எலும்புக்கு மேல் கன்றிச் சிவந்திருந்தது. நர்ஸ் விரலால் அழுத்தி எடுத்தாள். சிவப்பு அசையவில்லை.

"அழுத்தினா வெளுக்கணும். வெளுக்கலைன்னா புண்ணோட ஆரம்பம்" என்றாள்.

டிரைவரின் மனைவி அவர் மறுபடி மல்லாந்துவிடாமல் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் விரிப்பைத் தடவிப் பார்த்தாள். "இது துணியா, அட்டையா? தோலை உரசுதே!"

அது நாத்தனாரின் கைங்கரியம். அண்ணன் படுக்கும் விரிப்பாயிற்றே என்று கஞ்சி போட்டுத் தேய்த்து, தூக்கி நிறுத்தினால் நிற்கும்படி செய்திருந்தாள்.

"வழவழப்பா, வேர்வை தங்காத துணி கிடைக்குமா?" என்று நர்ஸ் கேட்டதுதான் தாமதம், மனைவி துள்ளி எழுந்தாள். விளையாட்டு உடுப்பு தைக்கும் கம்பெனியில் நாள் முழுக்க அவள் கையில் புரள்வது அந்தத் துணிதானே! ஓடினாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கி, நடுவில் தையலே வராமல் தைத்துக்கொண்டு மாலைக்குள் வந்து நின்றாள்.

"எங்கண்ணன் என்ன, ஓட்டப் பந்தயத்துக்கா போறாரு?" என்று நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

சாப்பிடுவதற்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். டிரைவர் சர்ரென்று வழுக்கிக் கால்மாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

"ஏய், பிரேக் பிடிக்கலடி!"

வார்டே சிரித்தது, நர்ஸைத் தவிர. "இப்படிச் சறுக்கினா எலும்பு கீழ போகும், தோல் மேல இழுபடும். அதுவும் ஆபத்துதான்."

மனைவி அழவில்லை, கத்தரிக்கோலை எடுத்தாள். வழுக்கும் துணி இடுப்புக்கும் குதிகாலுக்கும் மட்டும், மற்ற இடமெல்லாம் பிடிமானத்துக்குப் பருத்தி. கஞ்சி படாத, மெத்தென்ற பழைய பருத்தித் துணியை நாத்தனாரே கொண்டுவந்து கொடுத்தாள். முதலில் முழங்காலுக்கு அடியில் தலையணை, அப்புறம்தான் தலையை உயர்த்தினார்கள். ஆள் இருந்த இடத்திலேயே இருந்தார்!

"துணி வந்துடுச்சுன்னு புரட்டிப் போடறதை விட்டுடாதீங்க" என்று நர்ஸ் கறாராகச் சொன்னாள். சனிக்கிழமை முழுக்க அண்ணியும் நாத்தனாரும் முறை வைத்துப் புரட்டினார்கள்.

ஞாயிறு காலை டிரைவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். "நீங்களே அழுத்திப் பாருங்க" என்றாள் நர்ஸ்.

மனைவி அழுத்தி, விரலை எடுத்தாள். விரல் பட்ட இடம் வெளுத்து, மெல்ல நிறம் ஊறியது. நம்பாமல் மறுபடி அழுத்தினாள். மறுபடியும் வெளுத்தது!

"என்னடி ஆச்சு? வாயைத் திறந்து சொல்லேன்!"

அவள் மூன்றாம் முறையும் அழுத்திக்கொண்டிருந்தாள். நாத்தனார்தான் வார்டு அதிரக் கத்தினாள்: "வெளுத்துடுச்சுண்ணே! வெளுத்துடுச்சு!"

"டாக்டர்கிட்ட சொல்லிடறேன். திங்கட்கிழமைன்னா திங்கட்கிழமைதான்" என்று நர்ஸ் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

டிரைவர் ஒரு கையைப் பின்னால் நீட்டித் துழாவினார். "அழுத்தினியே, அந்த விரலைக் கொடு."

கொடுத்தாள். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே விம்மி விம்மி அழுதார்.